நீங்கள் குட்டையில் போட்ட பூவரசு

என் பேச்சுக்கு இன்னமும் எங்கிருந்தோ ‘ம்’ கொட்டிக்கொண்டிருக்கிற என் மாமாவுக்கு,

நாலாம் வகுப்போடு நின்ற கை எழுதுகிறது. எழுத்துக் கோணலாக இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு என் கோணல் பழக்கம்தானே.

நீங்கள் போன பிறகு அந்தக் குட்டைப் பக்கம் பார்க்கவே எனக்குப் பயம். சேற்றுக்குள் நம் பூவரசு கிடந்ததல்லவா? கொல்லையில் நின்ற மரத்தைக் கதவுக்காக வெட்டி, உருட்டிக்கொண்டு போய் அமுக்கிவிட்டு வந்தீர்கள். “அப்படியே அறுத்தா என்ன மாமா?” என்று கேட்டேன். “பச்சை மரம் அவசரக்காரி மாதிரிடி, நெளிஞ்சிடும். சேத்துல கெடந்தா உள்ள இருக்கற பாலெல்லாம் எறங்கும். அப்பறம் வண்டு தொடாது, கறையான் தொடாது” என்றீர்கள்.

“பண்ணை ஆளு தொட்டா?” என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தெருவே நம்மைக் கேலி செய்ததே, நினைவிருக்கிறதா? “ரெண்டு சட்டியும் ஒரு குண்டானும் வச்சிக்கிட்டு இவுங்களுக்குக் கதவு கேக்குது” என்று பக்கத்து வீட்டு அஞ்சலை கத்திச் சொன்னாள். கூலி கூடக் கேட்ட ஊர்களில் கூரை எரிந்த சேதி காதில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. கீற்றுத் தட்டிக்குப் பின்னால் நம் பாப்பாவை அணைத்துக்கொண்டு படுத்தால் எனக்குக் கண் மூடாது. அதனால்தான் கதவு கேட்டேன்.

மார்கழிக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. மழை ஈரத்தில் காய்ந்த விறகு கிடைக்கவில்லை. கொல்லையில் மிச்சமிருந்த பூவரசின் அடிக்கட்டையைத் தோண்டிப் பிளந்து உங்கள் மேல் அடுக்கினார்கள். மரம் நின்ற இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. பிறகு அதையும் மழை மண் தள்ளி மூடிவிட்டது.

ஆற்றில் தண்ணீர் நின்று, சித்திரையில் குட்டை வற்றியது. சேற்றுக்கு மேலே மரத்தின் முதுகு தெரிந்தது. பண்ணைக் காரியக்காரர் மாடு கட்டி இழுத்துக்கொண்டு போய் வண்டிக் கொட்டகையில் போட்டுவிட்டார். வாய்க்கால் கரையில் பண்ணை மரம் ஒன்று காணாமல் போயிற்றாம். இதுதான் அதுவாம்.

“ஒங் கொல்லை மரம்னா அடிக்கட்டை எங்கடி?” என்று கேட்டார்.

“அது அவரோடயே போயிடுச்சுங்க” என்றேன். வேறு என்ன சொல்வேன்?

“நல்லா வசனம் பேசுற. வெள்ளிக்கிழமை மனை அளக்க ஆபீசர் வராரு. அதுக்கு முன்னாடி நாலு பேரு எதிர்ல ‘எம் புருசன் பண்ணை மரத்தத் திருடிட்டாரு’ன்னு சொல்லிடு. இல்ல, போலீசு வரும்.”

குடியிருக்கிறவனுக்கே மனை என்று புது ஆட்சியில் சட்டம் வந்ததாக நீடாமங்கலத்தில் கூட்டம் கேட்டுவிட்டு, கை வலிக்கத் தட்டினேன் என்று வந்து சொன்னீர்களே, அந்த அளவைதான். திருடன் வீட்டுக்கு மனை எழுதாதே என்று ஆபீசர் காதில் இவர்கள் ஓதினால்? சட்டம் அப்படி உண்டா இல்லையா என்று நான் யாரைக் கேட்பேன்? சொன்னால் மனை போகும், சொல்லாவிட்டால் போலீசு. பாப்பாவை அஞ்சலையிடம் விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். அங்கே என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அங்கே கலியபெருமாள் ஆசாரி மரத்தின் முனையை ஒரு துண்டு அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரம் வெளுத்து, நடுவில் காய்ச்சிய கருப்பட்டி நிறத்தில் வைரம் ஓடியிருந்தது. இத்தனை மாதம் சேற்றில் கிடந்தும் உள்ளே பூ வாசம்! “கெளைய வெட்டிப் போத்தா நட்டு வந்த மரமா இருந்தா உள்ள பொள்ளலா கூடு விழுந்திருக்கும். இது வெதையில வந்தது. வண்டிச் சக்கரத்துக்கு நடுக்குடம் போட்டா தலைமுறைக்கும் வெடிக்காது” என்று காரியக்காரரிடம் சொல்லிவிட்டு, மரம் நின்றபோது இடுப்புயரத்தில் இருந்த இடத்தில் அடுத்த கோடு போட்டு அறுக்கும் வாளை வைத்தார்.

அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குப் புயல் ஞாபகம் வந்துவிட்டது மாமா. நமக்குக் கல்யாணமான மறு வருஷம். கூரை பறக்கப் பார்த்தது. கயிறு போட்டு மரத்தோடு இழுத்துக் கட்டினீர்கள். ஈரப் பட்டையில் கயிறு வழுக்கியது. இரண்டு வண்டியாணியை எடுத்து அறைந்தீர்கள். இரண்டாவது ஆணி வளைந்தது, உங்கள் கட்டைவிரலும் நசுங்கியது. மறுநாள் மரத்தைத் தடவிக்கொண்டே, “பூவரசுக்கு இரும்பு ஆவாது, உள்ள கறுத்துடும். அறுக்கறவன் என்னைத் திட்டித் தீப்பான்” என்றீர்கள். வருஷம் போகப் போகப் பட்டை வளர்ந்து ஆணியை விழுங்கிவிட்டது.

“ஆசாரியாரே, அங்க வாள் போடாதீங்க” என்றது என் குரல்தானா? “உள்ள ரெண்டு ஆணி இருக்கு. மேல ஒண்ணு நேரா, கீழ ஒண்ணு தலை வளைஞ்சு. கயிறும் இருக்கும்.”

காரியக்காரர் கூடி நின்ற பண்ணை ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். “பாருங்கய்யா, மரத்துக்கு எக்ஸ்ரே எடுக்கறா!”

ஆசாரி சிரிக்கவில்லை. உளியை எடுத்துக் கொத்தினார். கொஞ்ச ஆழத்தில் மை கொட்டினாற்போல் மரம் கறுத்திருந்தது. அதற்குள் ஆணி. கீழே கொத்தினால் வளைந்த ஆணி, அதன் கழுத்தில் மரத்தோடு மரமாக ஒரு முழம் கயிற்று நார்.

“காரியக்காரரே, இது அவங்க வீட்டு மரம். நான் வாள் போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கூடி நின்றவர்கள் கலைந்த பிறகு காரியக்காரர் என் பக்கத்தில் வந்தார். கோபமாகக்கூட இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். “எடுத்துட்டுப் போ. நல்லா கதவு போட்டுக்க. கதவுதான் மரம். கூரை கீத்துதானே?”

அன்றையிலிருந்து ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்தபடியேதான் படுத்திருக்கிறேன் மாமா.

வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்தார், சங்கிலி போட்டு அளந்தார், உங்கள் பேரைக் கேட்டார், என் பேரையும் கேட்டார். பட்டா வரும் என்கிறார்கள். வருமா?

ஆசாரி வந்து கதவு செய்து கொடுத்தார். பலகை ஒரு நூல்கூட நெளியவில்லை, நீங்கள் சொன்னபடியே. “உள்ள தாழ்ப்பா, வெளில நாதாங்கி, ரெண்டும் வச்சிடறேன். வேலைக்குப் போறப்ப பூட்டணும்ல?” என்றார்.

“வெளில வேணாம் ஆசாரியாரே.”

“பூட்டாமயா போவ?”

“திருட என்ன இருக்கு? நாங்க உள்ள இருக்கறப்ப வெளிலேருந்து யாரும் மாட்டிடக் கூடாது.”

ஆசாரி கூரையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கதவின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் இழைத்தார். “இந்த மரம் மழைக்கும் ஊதிப் புடிக்காது, தங்கச்சி. பாப்பா இழுத்தாலே தொறந்துக்கும்” என்றார்.

நீங்கள் நேராக அறைந்த ஆணி இருந்த பொத்தலை அடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுற்றிலும் கறுத்துப்போய், பலகையைத் தலைகீழாக வைத்ததில் இப்போது கதவில் என் கண் உயரத்தில் இருக்கிறது. சத்தம் கேட்டால் அது வழியாகப் பார்க்கிறேன். நாய் ஓடினாலும் பார்க்கிறேன்.

பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மனையை விட்டு நானும் பாப்பாவும் இறங்க மாட்டோம். குழி இருந்த இடத்தில் ஒரு பூவரச விதை ஊன்றியிருக்கிறேன். அடுத்த புயலுக்குக் கூரையை அதில் கட்டும்போது, ஆணி அடிக்காமல் கட்டுகிறேன். இது சத்தியம் மாமா.

உங்கள் அக்கா மகளாய்ப் பிறந்து உங்களுக்கே வாழ்க்கைப்பட்ட,
செல்லக்கண்ணு