நீலக் கோட்டும் பழைய லென்ஸும்

ஜனவரி 9

ஒளிப்பதிவாளர் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதக் கை வரவில்லை. வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன். கதாநாயகியின் கோட்டுக்கு நான் போட்டுக் கொடுத்தது நல்ல கருநீலம். நேற்று டைரக்டர் காட்டிய சோதனைப் பிரிண்டில் அது அழுக்குத் தண்ணீரில் அலசியதுபோல் பச்சை பாய்ந்து கிடக்கிறது. "சாயம் வெளுத்துப்போச்சாம்மா?" என்று தையல்காரர் கேட்டுவிட்டார். எந்த லென்ஸைப் போட்டீர்கள்? நாம் ஆளுக்கொரு வீட்டில் இருப்பதற்காக என் சாயத்தைக் கெடுக்க வேண்டுமா?

இப்படிக்கு,
உடைப் பிரிவு

ஜனவரி 14

சாயக்காரிக்கு,

கோபம் நியாயம்தான். உன் சாயத்தில் குற்றமில்லை. நான் போட்டது கிட்டத்தட்ட என் வயதுள்ள லென்ஸ். நாள்பட்டு அதன் கண்ணாடி லேசாக மஞ்சளித்துவிட்டது. உள்ளே வரும் வெளிச்சமும் கொஞ்சம் சிதறும். அதனால் நீலம் மங்கும், கறுப்பும் முழுக் கறுப்பாக விழாது. புது லென்ஸில் இந்தத் தொல்லை இல்லை. நீ போட்ட நிறம் போட்டபடியே பிலிமில் இறங்கும். "புதுசையே போடுங்க சார், எதுக்கு வம்பு?" என்கிறார் டைரக்டர்.

இத்துடன் இரண்டு பிரிண்ட் வைத்திருக்கிறேன். அதே ஜன்னல், அதே வெளிச்சம், அதே பிலிம். லென்ஸ் மட்டும் வேறு. கோட்டை விட்டுவிட்டு முகத்தைப் பார். நீ எதைச் சொல்கிறாயோ அதையே போடுகிறேன்.

சாயத் தொட்டியில் குனிந்து குனிந்து வந்த முதுகுவலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
கேமராக்காரன்

ஜனவரி 20

கேமராக்காரருக்கு,

முதலில் புது லென்ஸின் பிரிண்டைத்தான் எடுத்தேன். என் நீலம் அப்படியே நின்றது. தையல் நூலைக்கூட எண்ணலாம். பொய் சொல்லக்கூடாது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு மற்றதை எடுத்தேன். கன்னத்தில் விழுந்த வெளிச்சம் எங்கே முடிந்து கழுத்து நிழல் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. அந்த நிழலுக்குள்ளும் நிறம் இருக்கிறது. உதட்டுச் சிவப்பு கத்தாமல் பேசுகிறது. அந்தப் பெண் இப்போதுதான் அழுது முடித்தவள் என்று எனக்குத் தெரிந்தது. பொறாமையாக இருந்தது, போங்கள்.

பழையதையே போடுங்கள். பிலிம் கழுவும் லேபில் நீலத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று டைரக்டர் சொன்னால் கேட்காதீர்கள். முகமும் சேர்ந்து குளிர்ந்துவிடும். கோட்டைத் திரும்பத் தொட்டியில் போடுகிறேன். இன்னும் அடர்த்தியாக, சிவப்பும் ஒரு துளி சேர்த்து. உங்கள் லென்ஸ் குறைப்பதை நான் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் வெளியூரிலிருந்து எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. கண்ணாடித் துண்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறீர்கள்! நிழலுக்குள் நிறம் பார்க்கிற அந்தக் கண் வீட்டுக்குள் வந்ததும் எங்கே போயிற்று?

முதுகு பரவாயில்லை.

சாயக்காரி

பிப்ரவரி 17

அன்புள்ளவளுக்கு,

நீ அனுப்பிய கோட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் செட்டே சிரித்தது. "என்ன சார், கத்திரிக்காய் கலர்ல இருக்கு?" என்றான் லைட்மேன். நான் கேமராவை ஓடவிட்டேன். பிரிண்ட் வந்ததும் திரையில் போட்டுப் பார்த்தோம். மழை வரப்போகும் சாயங்கால வானத்தின் நீலம். முகத்தில் அதே கதகதப்பு. டைரக்டர் கடைசிவரை பார்த்தார். "இன்னொரு தடவை போடுங்க" என்றார். அவ்வளவுதான். பாதிப் படத்தை நீ தொட்டியிலேயே எடுத்து முடித்துவிட்டாய்.

உன் கேள்விக்கு இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். நேரில் சொல்ல வருமா, பார்க்கலாம். முதல் காட்சிக்கு உனக்கும் ஒரு டிக்கெட் எடுக்கட்டுமா?

அன்புடன்,
உன் கேமராக்காரன்

ஜூன் 3

அன்புள்ளவருக்கு,

டிக்கெட் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதில் வருத்தம் வேண்டாம். பக்கத்தில் நீங்கள் இருந்தால் "இந்த ஷாட்டப் பாரு" என்று முழங்கையால் இடித்துக்கொண்டே இருப்பீர்கள். நேற்று மத்தியானக் காட்சிக்குத் தனியாகப் போய்வந்தேன்.

கோட்டோடு அவள் ஜன்னலருகே வந்து நின்றபோது தியேட்டரில் ஒரு இருமல்கூட இல்லை. பக்கத்து சீட் அம்மாள் என் பக்கம் சாய்ந்து, "கலரப் பாருங்க, தொட்டா கையில ஒட்டிக்கும் போல. யாரு எடுத்தாங்களோ!" என்றாள்.

"எங்க வீட்டுக்காரருங்க" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. சாயம் போட்டவள் நான்தான் என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை, பாருங்கள்.

"குடுத்து வச்சவங்க நீங்க" என்றாள். ஆளுக்கொரு வீட்டில் இருப்பதைச் சொல்லித் திருத்தலாமா என்று யோசித்தேன். திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். சாப்பாட்டு நேரம் தாண்டி வந்தால் ஆறிப்போனதுதான் கிடைக்கும்.

இப்படிக்கு,
நான்தான்