இரண்டாவதாக உள்ளே போனவளுக்கு

இன்று காலை என் பழைய மாணவி ஒருத்தி நிக்டியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். கையில் இன்டர்நெட்டிலிருந்து எடுத்த ஒரு தாள். நன்னீர் மீன்களைக் காப்பது பற்றிய முனைவர் பட்ட ஆய்வு, மாதாமாதம் உதவித்தொகை, ஒரே ஓர் இடம். "டீச்சர், ஒரு நல்ல மீன் சொல்லுங்க. யாரும் பண்ணாத மீன்" என்று பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் கேட்டாள். 'ஒரே ஓர் இடம்' என்ற வரியைப் பார்த்ததுமே உன் முகம்தான் வந்து நின்றது. செத்துப்போன பிறகும் கேட்காமல் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறாய். உனக்கு எத்தனை தைரியம்!

தொண்ணூறுகளில் நம் எம்.எஸ்ஸி. வகுப்பில் தமிழ் பேசியவர்கள் நாம் இருவர்தான். உன் அப்பா வங்கி அதிகாரி, வசதியானவர்கள் இருக்கும் ஔந்தில் சொந்த ஃபிளாட். என் அப்பா திருநெல்வேலியிலிருந்து இந்த மராட்டிய ஊருக்கு ஆலை வேலைக்கு வந்தவர். அந்த வித்தியாசமெல்லாம் நமக்குத் தெரிந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எஸ்.டி. என்கிற அரசு பஸ்ஸில் மலைப்பக்கம் போய்விடுவோம். உன் அம்மாவின் கொசுவலையை வெட்டி, கம்பி வளையத்தில் தைத்து, மீன்வலை செய்திருந்தாய். ஒருமுறை ஓடைக் குட்டை ஒன்றில் பாசி வழுக்கி ஆழத்துக்குப் போனேன். வலையை விட்டெறிந்துவிட்டு என் பின்னலைப் பிடித்து இழுத்தாய். நனைந்த சல்வாரோடு வடாபாவ் தின்றுகொண்டே சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் ஆத்திரம் இன்னும் கூடுகிறது.

அந்தக் குட்டையில்தான் பொட்டுக்காரி கிடைத்தாள். விரல் நீளம், உடம்பில் சிவப்புக் கோடு, வாலடியில் கறுப்புப் பொட்டு. அந்த மலையில் அதுவரை யாரும் பார்த்திராத மீன். இப்படிப்பட்ட மீன் இருக்கும் இடத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது நம் துறையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். தொட்டி மீன் வியாபாரிகள் காதுக்கு எட்டினால் வழித்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் மாதிரிக் குப்பியில் ஒட்டும் சீட்டில் தாலுகா பெயரை மட்டும் எழுதினோம். "நாம செத்தாலும் இந்த எடம் வெளிய வரக் கூடாதுடி" என்று நீதான் சொன்னாய்.

அப்பாவின் ஆலையை மூடிய வருஷம், முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகையோடு ஒரே ஓர் இடம் வந்தது. அது கிடைத்தால் நான் படிப்பேன், இல்லாவிட்டால் வேலைக்குப் போக வேண்டும். உனக்கு இது நன்றாகவே தெரியும். நேர்முகத்தன்று வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "மீன் இருக்கிற எடம் எதுன்னு கேட்டா சொல்லாதடி. நானும் சொல்ல மாட்டேன்." சுற்றியிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று சத்தமாகவே சொன்னாய்.

முதலில் நான் போனேன். எந்த ஓடை என்று கேட்டார்கள். தாலுகாவைத் தவிர வேறு எதுவும் சொல்ல முடியாது என்றேன். "எங்களையே நம்ப மாட்டீர்களா?" என்று ஒருவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். வெளியே வந்தபோது முதுகெல்லாம் வியர்வை. அதற்குப் பிறகு நீ போனாய்.

அறிவிப்புப் பலகையில் உன் பெயர் இருந்தது. கீழே ஆய்வுத் தலைப்பு. தலைப்பிலேயே ஓடையின் பெயர்.

"ஏட்டி, என்னட்டி இது?" என்று கேட்டேன்.

நீ தரையைப் பார்த்தாய். "நீ முதல்ல போனியே... நீயே சொல்லியிருப்பியோன்னு நெனச்சேன்டி."

இடம் போனதைக்கூட விடு. அப்பாவிடம் போய்ச் சொன்ன அந்தச் சாயங்காலத்தைக்கூட விடு. என்னைப் பற்றி அப்படி நினைத்தாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நீ சொன்னது பொய் என்றால் அது ஒரு துரோகம். உண்மை என்றால் அதைவிடப் பெரிய துரோகம். எது என்று கடைசிவரை நீ சொல்லவில்லை.

அடுத்த மழை முடிந்ததும் ஒரு ஜீப்பில் ஆட்கள் வந்து, காற்று நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் பொட்டுக்காரிகளை அள்ளிப்போனதை ஊர்க்காரப் பெண்மணி ஒருத்தி எனக்குச் சொன்னாள். குட்டை காலி. நீ என்ன செய்தாய்? அந்த மீன் எப்படி அழிந்தது என்பதையே ஆய்வாக எழுதிப் பட்டம் வாங்கினாய். இருந்ததைச் சொல்லி இடம் வாங்கினாய், இல்லாமல் போனதைச் சொல்லிப் பட்டம் வாங்கினாய். கெட்டிக்காரிதான் போ.

நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு தீபாவளி விடுமுறையில், சும்மா இருக்க முடியாமல், தனியாக அந்த மலையில் மேலே ஏறினேன். நாம் ஒருபோதும் போயிராத உயரத்தில் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் இன்னொரு குட்டை இருந்தது. உள்ளே சிவப்புக் கோடுகள் ஓடின. குந்தி உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

பல வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். தலைமுடியெல்லாம் கொட்டியிருந்தது. "மேல எங்கயாச்சும் தப்பிச்சிருக்குமாடி?" என்று கேட்டாய். கண்ணெல்லாம் ஏக்கம். "தண்ணி குடிட்டி" என்று டம்ளரை நீட்டினேன். நீ குடித்தாய். அதற்குமேல் கேட்கவில்லை.

இன்று வந்த பெண்ணிடமும் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நல்ல பெண். முகத்தைப் பார்த்தால் வாக்கு தவறுகிறவளாகத் தெரியவில்லை. நீயும்தான் அப்படித் தெரியவில்லை.

உன் வலை இன்னும் என் பரணில் இருக்கிறது. வருஷம் தவறாமல் மழை ஓய்ந்ததும் அது இல்லாமல் வெறுங்கையோடு மேலே போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். பொட்டுக்காரிகள் இருக்கிறார்கள். இதை உனக்கு எழுதும்போது, பாறைக்குப் போகும் வழியையும் எழுதிவிடலாம் என்று பேனா இரண்டு தரம் தாளுக்குப் போனது. இனி நீ யாரிடம் போய்ச் சொல்லப்போகிறாய்? ஆனாலும் எழுதவில்லை. செத்துப்போனவளிடம்கூடச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறதடி.