விலாவில் ஒரு சைக்கிள்

ஒக்டோபர் 12, ஞாயிறு இரவு

என் கணவரின் கல்லறையில் நான் இலங்கைக் கொடியின் சிங்கத்தை நிறுத்தப்போவதாகத் தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் கதைத்ததாம். தவறு. கொடிச் சிங்கம் வாளைத் தூக்கிப் பிடித்திருக்கும். நான் கேட்பது, ஈரானின் பக்தியாரி மக்கள் தங்கள் வீரர்களின் கல்லறைமேல் வைக்கும் கற்சிங்கம். அது நான்கு காலில் அமைதியாக நிற்கும். இறந்தவரின் வாளையும் குதிரையையும் அதன் விலாவில் செதுக்குவார்கள். அந்த மக்களில் ஒருத்தியான பக்கத்து வீட்டுப் பர்வீன் தன் தகப்பனாரின் கல்லறைச் சிங்கத்தைப் படத்தில் காட்டினாள்.

இங்கே நோர்வேயில் ஒரு கல்லறைக்குப் பொறுப்பாக ஒருவரைத்தான் பதிவார்கள்; இவருடையதற்கு, துரொண்ட்ஹெய்ம் நகரில் இருக்கும் மகன். அவன் சம்மதிக்காமல் கல்லை மாற்ற முடியாது. இன்று அழைத்தேன்.

"அம்மா, சனம் சிரிக்குது. அப்பா பலாப்பழம் வெட்டவே கத்தி தூக்காதவர். அவருக்கு வாளோ?"

"வாள் வேண்டாம். குதிரைக்குப் பதிலா சைக்கிள். ஷெல்லடிக்குள்ளை உன்னை பாரிலை வைச்சு, என்னைக் கரியரிலை ஏத்தி உழக்கினவர். வீரம் எண்டு வேறை எதைச் சொல்லுறது?"



"அப்ப மணியையும் செதுக்கச் சொல்லுங்கோ. நான்தான் வழி முழுக்க அடிச்சனான்" என்று சிரித்தான். உடனே வழக்கம்போல், "பாப்பம்" என்றான்.

பாப்பம் என்பது பதில் ஆகாது. படுக்குமுன் அவனுக்கு எழுதி அனுப்பினேன்: "மகன், சிங்கத்துக்குச் சம்மதமா, இல்லையா? எழுத்தில் பதில் தரவும்."