குழியில் வைக்காத உறை

பெரியவளின் அம்மாவுக்கு,

பெரியவளின் பிரசவத்துக்கு ஊருக்கு வரக் கேட்ட என் லீவைப் பண்ணையில் அநியாயமாக நிறுத்திவிட்டார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி?

குளிருக்கு முன் சாணக்குழியைச் சுத்தமாக வழித்தெடுக்கச் சொன்னார் பண்ணை மேஸ்திரி. "அடியில கொஞ்சம் பழசு கெடக்கட்டுங்க. அதுல இருக்கிற கிருமி உறைமோர் மாதிரி, புதுச் சாணத்தைப் பக்குவப்படுத்தும்" என்றேன். "பெரியவரே, நாம என்ன தயிர்க்கடையா வைக்கிறோம்?" என்று சிரித்தார். அடிவரை வழித்தெடுத்தோம்; குளிரில் புதுக் கிருமி பெருகவில்லை, சாணம் பக்குவப்படாமலே குவிந்தது. இப்போது வெயில் ஏறியதும் அது நாறித் தெருவே மூக்கைப் பொத்துகிறது, பழி என்மேல்.

தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டால் லீவு கிடைக்கும். ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் பேரக்குழந்தையை வாங்க என் கை அங்கே இருக்காதே.

பெரியவளிடம் நீயே பதமாகச் சொல். பிரசவத்தின்போது மாப்பிள்ளை உடனிருக்கட்டும். சின்னவன் குழந்தையின் முதல் அழுகையைப் போனில் பதிந்து அனுப்பட்டும்.