பால் ஆகாத வீட்டில் ஒரு பால்குடம்

ஞாயிறு, இரவு

மூன்று மாத மகளின் டயப்பரில் ரத்தக் கோடு பார்த்துப் பதறி ஓடிய நாளிலிருந்து நான் பாலைத் தொடுவதில்லை. நான் குடிக்கும் மாட்டுப்பால்தான் தாய்ப்பால் வழியே போய் அவள் குடலைப் புண்ணாக்குகிறதாம். டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து என் கணவர் இந்த வீட்டுப் போலீஸ். பிஸ்கட் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார். போன வாரம் கிளேபாங் டீக்கடையில் நுரை பொங்க ஆற்றிய பால் டீ, தே தாரேக், ஒரு வாய் கேட்டேன். "பிள்ளைய நெனச்சுப் பாருலா" என்று கிளாஸைப் பிடுங்கிக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவர் இன்று மஞ்சள் வேட்டியோடு வந்து நிற்கிறார். பிள்ளைக்குக் குணமாக வேண்டும் என்று என்னிடம் சொல்லாமலே பால்குடம் நேர்ந்து, எடுத்தும் முடித்துவிட்டார். கையில் ஒரு பாட்டில்.

"இந்தா, அபிஷேகப் பால். மடமடன்னு குடிச்சிரு."

"ஏங்க, பால்தானே ஆகாது?"

"சாமி மேல பட்டதுலா. அது எப்படி ஆகாமப் போகும்?"

எனக்கு நாக்கு ஊறியது உண்மை. ஆனாலும், "நேர்ந்தது நீங்க, நீங்களே குடிங்க" என்றேன். பிரசாதத்தைக் கொட்டக்கூடாதே! வெயிலில் காருக்குள் கிடந்த பாலை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

மகளின் டயப்பர் இன்றும் சுத்தம். அவர்தான் கக்கூஸை விட்டு வரவில்லை. கதவைத் தட்டி, "இனிமே பால் வேணாங்க. பிள்ளைய நெனச்சுப் பாருங்க" என்றேன்.