ஓரத்தில் உட்கார்ந்த எண்கள்

சோஃபியா, அக்டோபர் 6

என் ராலித்சா அக்காவுக்கு,

புது மாத்திரை மாட்டிக்கிச்சு! நீ அனுப்பின லுத்தெனித்சா மிளகாய்த் தொக்கு பாதி காலி, அதை அப்புறம் பேசலாம். மருந்துக்கடையில என் வலிப்பு மாத்திரையை வேற கம்பெனிக்கு மாத்தினாங்கல்ல, அதுக்கப்புறம்தானே டெப்போவுல வலிப்பு வந்து விழுந்தேன், ட்ராம் ஓட்டக்கூடாதுன்னு உட்கார வெச்சாங்க?

ரெண்டு மாத்திரைக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனை எண்களைத் தோண்டி எடுத்தேன். நெட் ஃபோரம்ல ஒருத்தன் சொன்ன முறை, செம அக்கா. பழசு புதுசு எல்லாத்தையும் சின்னதுலேர்ந்து பெருசா ஒரே வரிசையில நிக்க வெச்சு, ரெண்டு ஓரத்துலேர்ந்தும் மாறி மாறி உள்பக்கமா ஒண்ணு, ரெண்டுன்னு இலக்கம் போட்டுக்கிட்டே வரணும். எந்த மாத்திரைக்குச் சின்ன இலக்கமா விழுதோ அது நடுவுல நிக்காம அலையுது. ஒருநாள் ஏறுது, ஒருநாள் இறங்குது. சராசரி இதைக் காட்டவே காட்டாது. புதுசுதான் அலையுது!

வெள்ளிக்கிழமை டெப்போ டாக்டர்கிட்ட காட்டப்போறேன். பழைய மாத்திரைக்குத் திரும்பினா ட்ராமும் திரும்பக் கிடைக்கும். நீ மருந்து ஆலையில இதே வேலைதானே பாக்குற. சரின்னு ஒரு வரி எழுது, போதும்.

உன் தெயான்

ப்ளெவென், அக்டோபர் 8

தெயான் கண்ணா,

நீ அனுப்பின எண்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். புதுசுக்கு உன்கிட்ட இருக்கிறது கொஞ்ச எண்தான். எல்லாம் மேல் ஓரத்துல சேர்ந்து உட்கார்ந்திருக்கு. சின்ன இலக்கம் விழுந்தது அதனாலதான். அது அலைச்சல் இல்லடா. வரிசைப்படுத்துறதுக்கு முன்னாடி ரெண்டு மாத்திரை எண்களோட நடுவையும் ஒரே இடத்துக்கு நகர்த்தணும். நகர்த்தினா ரெண்டும் ஒரே மாதிரிதான் ஆடுது. புதுசு உன் ரத்தத்துல கொஞ்சம் கூடவே, டாக்டர் சொன்ன எல்லைக்குள்ளயே நின்னிருக்கு.

சரின்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரல. வேளைக்குச் சாப்பிடு.

ராலித்சா

சோஃபியா, அக்டோபர் 13

அக்கா,

நகர்த்திப் போட்டேன். நீ சொன்னதுதான். மாத்திரை ஒழுங்கா வேலை செஞ்சும் விழுந்திருக்கேன். டாக்டர்கிட்ட எதையும் காட்டல. இனிமே ஓட்ட வேண்டாம்னுட்டார். டெப்போ தலைவர், அலுவலகத்துல ஒரு நாற்காலி இருக்கு, உனக்குத்தான் எண்ணுன்னா உயிராச்சேன்னார். பார்க்கலாம்னேன். உன்மேல கோபம் இருக்கான்னு தேடிப் பார்த்தேன். ஒண்ணும் தட்டுப்படல. மிச்ச லுத்தெனித்சாவைச் சாப்பிட்டேன், காரமே தெரியல.

இன்னிக்குச் சீருடையை ஒப்படைச்சிட்டு என் பழைய ட்ராம்லயே ஏறி வந்தேன். பரிசோதகர் புது ஆள். தோளைத் தட்டி, "தம்பி, டிக்கெட் எங்க?"ன்னார்.

வாங்கணும்னு தோணவே இல்ல அக்கா.

அடுத்த நிறுத்தத்துல இறங்கி நடந்து வந்தேன்.

தெயான்