படையலில் வைத்த மாத்திரை

மாரண்டஹள்ளி
12.8.2024

அன்புள்ள ஷகிலாவுக்கு,

ராணி எழுதுவது. நீயும் நிசாரும் நலம்தானே? உனக்குக் காது மந்தமானதிலிருந்து போனில் கத்திக் கத்தி என் தொண்டை போகிறது. இனி கடிதம்தான். பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தைக் கோழி கிளறியது என்பாய். இப்போது அதையே படித்துத் தொலை.

ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டுக்காரருக்குப் படைத்தேன். அவர் போன பிறகு வருகிற முதல் ஆடி. களி, கீரைக் கடைசல், மொச்சைக் குழம்பு, வெற்றிலை எல்லாம் வைத்தும் ஏதோ குறைந்தது. சாப்பிட்டதும் கை நடுக்கத்துக்கு மாத்திரை கேட்பாரே, மிச்சமிருந்ததில் ஒன்றைப் பிரித்து இலை ஓரத்தில் வைத்தேன். காக்கைக்கு வைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். படைத்ததை வீணாக்கக் கூடாது இல்லையா? மாத்திரையையும் விழுங்கினேன்.

இதை யாரிடமும் சொல்லாதே. அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் வந்தார். தக்காளிப் பெட்டிகள் அடுக்கியிருக்கிற இடத்தில் நின்றார். பேசவில்லை. டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாத அந்தக் கை ஆடாமல் தொங்கியது. எனக்குப் பயமே இல்லை, ஷகிலா. எத்தனையோ மாதம் கழித்து அன்று நிம்மதியாக இருந்தேன்.

உன்
ராணியம்மாள்


தருமபுரி
19.8.2024

அன்பு ராணிக்கு,

ஷகிலாவின் சலாம். கோழி இன்னும் திருந்தவில்லை, இருந்தாலும் படித்துவிட்டேன்.

அண்ணன் வந்ததைப் படித்ததும் அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் போன புதிதில் வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டு நானும் எழுந்து போயிருக்கிறேன். மனசு தேடினால் அப்படித்தான். ஆனால் மாத்திரையை ஏன்டி விழுங்கினாய்? அது என்ன வெற்றிலையா? அட்டையில் இருக்கும் பெயரை எழுதி அனுப்பு. என் மகன் நிசார் மருந்துக்கடை வைத்திருப்பது எதற்கு? கேட்டுச் சொல்கிறேன். அதுவரை அதைத் தொடாதே.

பதில் போடாவிட்டால் சண்டைக்கு வருவேன்.

உன்
ஷகிலா


மாரண்டஹள்ளி
6.9.2024

ஷகிலாவுக்கு,

எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது. மாத்திரைப் பெயரைப் படிக்க முடியாமல் அட்டையில் ஒரு துண்டை வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன்.

கோபப்படாதே. அமாவாசை வரைக்கும் பொறுக்க முடியவில்லை. தினமும் மதியம் சின்ன இலை போட்டுப் படைக்கிறேன். ஒரு மாத்திரை வைத்தால் தூரத்தில் நிற்கிறார். இரண்டு வைத்தால் பக்கத்தில் வருகிறார்.

இப்போது தனியாக வருவதில்லை. தக்காளிப் பெட்டிகளின் மேல் நாலைந்து பிள்ளைகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டால் திரும்புவதில்லை. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் உள்ளே வந்து, "யாருகிட்டக்கா பேசிட்டிருக்கீங்க? வூட்டுல யாருமே இல்லீங்களே" என்றாள். ஒரு பிள்ளையின் காலை மிதித்துக்கொண்டு நின்றுதான் இதைக் கேட்டாள். அந்தப் பிள்ளை அழவில்லை.

நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்கிறது. ஒன்றுக்குக்கூடச் சரியாகப் போவதில்லை. என் பிரஷர் மாத்திரை நினைவிலேயே இருப்பதில்லை.

நேற்று அவர் கிணற்றுப் பக்கம் நடந்தார். நானும் போய்க் கம்பிக் கதவைத் திறந்தேன். உள்ளே நின்று கையசைத்துக் கூப்பிட்டார். அடுப்பில் பால் இருந்ததால் திரும்பிவிட்டேன். என்ன சொல்ல நினைக்கிறார் என்று போய்க் கேட்க வேண்டும்.

ராணி


தருமபுரி
9.9.2024

ராணி,

இதை நிசாரிடமே கொடுத்து அனுப்புகிறேன். உன் எதிரில் நிற்கிறவன் நிஜம். சந்தேகமாக இருந்தால் தொட்டுப் பார். ஓசூரிலிருந்து உன் மகன் ராஜாவையும் வரச் சொல்லிவிட்டான்.

நீ அனுப்பிய துண்டைப் பார்த்ததும் நிசாருக்கு முகம் மாறிவிட்டது. அண்ணனுடைய நோய்க்கு டாக்டர் அளந்து கொடுத்த மாத்திரை அது. நம் வயதில், அதுவும் அந்த நோய் இல்லாதவர்கள் தின்றால் வாய் வறளும், பார்வை கலங்கும், ஒன்றுக்குப் போவது அடைபடும், இல்லாத ஆட்கள் கண்ணெதிரே நிற்பார்கள் என்கிறான். நீ எழுதியது அத்தனையும் அதுதான். இனி ஒன்றைக்கூட வாயில் வைக்காதே. அந்த அட்டைகளையும் உன் பிரஷர் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு இன்றே டாக்டரிடம் வா. எவ்வளவு தின்றாய் என்பதை மறைக்காதே.

என்னை நம்பாவிட்டால் போ, அண்ணனை நம்பு. ஒரு ஆடு விழுந்ததற்காக அந்தக் கிணற்றைச் சுற்றிக் கம்பி வலை போட்ட மனுஷன், உன்னை அங்கே கூப்பிடுவாரா? கூப்பிடுவது அவர் இல்லை, ராணி.

ஷகிலா


மாரண்டஹள்ளி
24.9.2024

அன்புள்ள ஷகிலாவுக்கு,

நிசார் வந்தபோது கிணற்றுக் கதவைத் தாண்டியிருந்தேன். கடிதத்தை அவனே படித்துக் காட்டினான். தோளைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. பக்கத்தில் நின்ற அவரையும் அப்போதுதான் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. கை காற்றில் போயிற்று.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். "ஒருத்தருக்குக் குடுத்தத இன்னொருத்தர் சாப்புடலாமாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அவருக்குப் படையலைப் பற்றி எப்படிச் சொல்வது? முதலில் பிள்ளைகள் போனார்கள். பிறகு அவர் மங்கி மங்கிப் போனார். இப்போது பெட்டிகள் வெறும் பெட்டிகள்.

உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. அவரை இரண்டாம் தடவையும் பறிகொடுத்துவிட்டேன்.

ராஜா எல்லா மாத்திரையையும் எடுத்துப் போய்விட்டதாக நினைக்கிறான். ஒரு அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அது இந்தக் கவரில் இருக்கிறது. நான் கெஞ்சி எழுதினாலும் திருப்பித் தராதே.

உன்
ராணி


தருமபுரி
29.9.2024

அன்பு ராணிக்கு,

கவர் வந்தது. உன் கோபமும் வந்து சேர்ந்தது, இருக்கட்டும்.

உன்னைத் திட்டிய அதே வாயால் ஒன்று சொல்கிறேன். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. முகம்கூட மங்கிக்கொண்டு வருகிறது. இரண்டு வைத்தால் பக்கத்தில் வருவார் என்று எழுதியிருந்தாயே. அவர் பேசாவிட்டால் என்ன, எனக்குத்தான் காது கேட்காதே என்று தோன்றியது. இரண்டைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தும்விட்டேன்.

நிசார் பின்னால் வந்து ஏதோ கேட்டிருக்கிறான். எனக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டான். அவன் கை சூடாக இருந்தது. எல்லாவற்றையும் அவனிடம் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை மகாளய அமாவாசை. காலை பஸ்ஸில் வருகிறேன். படையல் நான் சாப்பிட மாட்டேன், உனக்குத் தெரியும். உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இலையில் மாத்திரை வைக்காதே.

நான் வந்து நின்றதும் முதலில் என்னைத் தொட்டுப் பார். நானும் உன்னைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

உன்
ஷகிலா